தும்பறை மலைத்தொடரில் நடைவழிகள்



பத்துப்பாட்டில் இறுதியாக வைத்து எண்ணப்படும் நூல் மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய அந்நூலில், நன்னன் என்னும் தலைவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு கூத்தனுக்கு மலைவழியைச் சொல்லி அனுப்புகிறான். அவன் மலையின் அழகை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. பன்றிகளைப் பிடிக்க வைத்த கற்பொறிகள் எங்கே கிடக்கும், புனங்காவலர் எறியும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும், பாசி மூடிய நீர்நிலையின் கரையில் அடி வழுக்காமல் எதைப் பற்றிக்கொண்டு நடக்கவேண்டும் என்பனவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறுகிறான். மலைக்குப் போகிறவனிடம் அன்புள்ளவன் முதலிற் சொல்லவேண்டியது மலையின் ஆபத்தையே என்பதை அப் புலவர் நன்கு உணர்ந்திருந்தார்.

அந்த முறையைப் பின்பற்றி, நமது நாட்டின் மலைத்தொடர் ஒன்றின் நடைவழிகளைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். ஆங்கிலத்தில் நக்கிள்ஸ் என்றும், சிங்களத்தில் தும்பற என்றும் வழங்கும் மலைத்தொடரே அது. மடக்கிய கைம்முட்டியின் கணுக்களைப் போல அதன் சிகரங்கள் வரிசையாக எழுந்து நிற்பதைக் கண்ட ஆங்கிலேய நில அளவையாளர் முதற்பெயரை இட்டனர். இரண்டாம் பெயர் மூடுபனியைக் குறிப்பது என்பர். நடக்கப்போகிறவனுக்கு இரண்டாம் பெயரே பயன் மிக்கது. அது எப்படி என்பது பின்னர் விளங்கும்.

முதலில் இம்மலை இருக்கும் இடத்தை மனத்திற் கொள்வோம். கண்டியைக் கடந்து கிழக்கே ஓடும் மகாவலி கங்கை, பின்னர் வடக்கு நோக்கித் திரும்புகிறது. அந்த வளைவின் உட்புறத்தில், தெற்கிலும் கிழக்கிலும் மகாவலிப் பள்ளத்தாக்கும் மேற்கில் மாத்தளைப் பள்ளத்தாக்கும் சூழ, நாட்டின் நடுமலைத் திணிவிலிருந்து பிரிந்து தனியே நிற்பது தும்பறை மலைத்தொடர். நேர்கோட்டில் அளந்தால் அதன் நீளமும் அகலமும் முப்பது கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். ஆனால் அச்சிறிய பரப்பினுள் 900 மீற்றருக்கு மேற்பட்ட சிகரங்கள் முப்பதுக்கும் அதிகமாக உள்ளன. மிக உயர்ந்ததாகிய கொம்பானிய 1,900 மீற்றர் அளவினது. நக்கிள்ஸ் சிகரம் 1,860 மீற்றருக்குச் சற்று மேற்பட்டது. 2010ஆம் ஆண்டில் சிவனொளிபாதமலைக் காடும் ஹோட்டன் சமவெளியும் இம்மலைத்தொடரும் ஒருங்கே இலங்கையின் மத்திய மலைநாடு என்னும் பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்லவேண்டும். மலை சிறியது என்று கேட்டவுடன், 'அப்படியானால் ஒரு நாளில் நடந்து முடித்துவிடலாமே' என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணமே அங்கு பலரை இடரில் ஆழ்த்தியது. சிறிய பரப்பில் பெரிய உயரங்கள் நெருங்கி நின்றால் சரிவுகள் செங்குத்தாகின்றன; பள்ளத்தாக்குகள் ஒடுங்குகின்றன; இரண்டு கிலோமீற்றருக்குள் காலநிலையே மாறிவிடுகிறது. பரந்த மலையில் வழி தவறியவன் நெடுந்தூரம் அலைவான். நெருங்கிய மலையில் வழி தவறியவனோ சில நூறு அடிகளுக்குள் பாறை விளிம்பிற்கு வந்துவிடுவான். ஆகவே சிறிய மலைக்கு நாம் கொடுக்கவேண்டிய மதிப்புக் குறைவதில்லை; கூடுகின்றது.

மலையின் காலநிலையைக் காற்றே தீர்மானிக்கின்றது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்றை யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பர். கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் அக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுந்து குளிர்கிறது; நீராவி மழையாகிறது. அதே காற்று முகட்டைக் கடந்து கிழக்கே இறங்கும்போது ஈரத்தை இழந்து, வெப்பமும் வறட்சியும் கொண்டதாக மாறுகிறது. மட்டக்களப்பு மக்கள் கச்சான் என்று பெயர் சொல்லி அலுத்துக்கொள்ளும் காற்று, இவ்வாறு மலைநாட்டைக் கடந்து மழையை அங்கேயே விட்டுவந்த காற்றேயாம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாரிகாலத்திலோ கிழக்குப் புறமும் நனைகிறது. மேற்குச் சரிவின் ஈரமான பகுதிகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவு மழை பெய்ய, கிழக்கு அடிவாரத்தில் அதன் பாதிக்கும் குறைவாகவே பெய்கின்றது. காலையில் ஈரக்காட்டில் அட்டைக் கடியோடு புறப்பட்டவன், பிற்பகலில் முள்ளும் காய்ந்த புல்லும் நிறைந்த வெளியில் தண்ணீர் தேடி நிற்பது இதனாலேயே.

நூறு மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய அரைப் பாகையிலிருந்து ஒரு பாகை வரை குறையும். ஈரக்காற்றில் அது 0.6 பாகை அளவாகும். கண்டி நகரத்திலிருந்து நக்கிள்ஸ் சிகரம் ஆயிரத்து முந்நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்தது. எனவே நகரத்தை விட எட்டுப் பாகை குளிர் அங்கு இருக்கும். நனைந்த உடையும் வீசும் காற்றும் சேர்ந்தால், வெப்பநாட்டு மலையிலும் உடல் விறைத்துப்போகும் என்பதை நாம் மறக்கலாகாது.

இனி வழிகளுக்கு வருவோம். இம்மலைக்கு நடப்போர் பெரும்பாலும் மூன்று வாயில்களால் நுழைகின்றனர்.

முதலாவது மேற்கு வாயில். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக மலைச்சாலை ஏறி, றிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, இலுக்கும்புரவுக்கு இறங்குகிறது. இரத்தோட்டைப் பக்கத்திலேயே பம்பரகிரி எல்ல என்னும் அருவி உண்டு. றிவர்ஸ்டனில் தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கும் முகடு வரை செல்வது சிறிய நடையே. ஆயினும் சோளகக் காலத்தில் அங்கே ஆளைத் தள்ளும் காற்று வீசும். காற்று ஓயாத இத்தகைய முகடுகளில் மரங்கள் நிமிர்ந்து வளர்வதில்லை. முறுகித் திருகி, மனிதன் உயரத்துக்கும் குறைந்த குறுங்காடாக நிற்கின்றன. அங்கிருந்து இறங்கினால் பிட்டவல பத்தனை என்னும் புல்வெளி வரும். பரந்த பாறைத்தட்டின்மேல் மிக மெல்லிய மண் படிந்து, அதிற் புல் முளைத்த இடம் அது. அப் புல்வெளி திடீரெனச் செங்குத்தான பாறை விளிம்பில் முடிகிறது. நீர் கசியும் அதன் பாறை வெடிப்புகளில், தட்டையான உடலையுடைய தவளையினம் ஒன்று வாழ்கிறது. உலகில் வேறெந்த மலையிலும் அது இல்லை. ஆகவே இங்கே காலை எங்கே வைக்கின்றோம் என்பது நமக்கும் தவளைக்கும் ஒருசேர முக்கியமானது. இலுக்கும்புரவிலிருந்து மணிகல மலையில் ஏறி அத்தன்வல ஊருக்கு இறங்கும் வழி, நாளின் பெரும்பகுதியை வேண்டும் நல்ல நடை. காடு, புல்வெளி, வயல் மூன்றையும் அது ஒருங்கே காட்டும்.

இரண்டாவது தென்கிழக்கு வாயில். கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஹுன்னஸ்கிரியவில் திரும்பி, லூல்வத்த, டீன்ஸ்டன் வழியாகச் சென்றால் கோபெட் கணவாய் வரும். டீன்ஸ்டன் பகுதியில் இரு நடைவழிகள் உள்ளன. ஒன்று, சிறிய உலகமுடிவு எனப்படும் பாறை விளிம்புக்குச் செல்லும் குறுகிய வழி. முதியவர்களும் நிதானமாகச் சென்று வரலாம். மற்றொன்று, தொத்தலுகல மலைக்குக் காட்டினூடே ஏறும் இயற்கை வழி. கோபெட் கணவாயில் நின்றால் மலைத்தொடரின் உட்பகுதி முழுவதும் கண்முன்னே விரியும். ஹீன் கங்கையின் பள்ளத்தாக்கும், அதன் அப்பால் முக்கோணக் கூம்பாக எழும் லக்கேகலவும், அதன் அடியில் மீமுரே ஊரும் அங்கிருந்து தெரியும். இராவணன் தன் வான ஊர்தியை லக்கேகலவிலிருந்தே செலுத்தினான் என்பது அவ்வூரார் வாய்மொழி. கணவாயிலிருந்து மீமுரேக்கு இப்போது வாகனங்கள் செல்கின்றன. ஒருகாலத்தில் அரிசியும் உப்பும் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் முதுகிலும் வந்த வழி அது.

மூன்றாவது தெற்கு வாயில். ரங்கல வழியாகத் தங்கப்பூவ என்னும் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி, அங்கிருந்து நக்கிள்ஸ் சிகரத்தை நோக்கியோ, சரிவைக் குறுக்கறுத்துக் கோபெட் கணவாயை நோக்கியோ செல்லும் வழி இது. தமிழ்க் காதுக்குத் தங்கப்பூ என்றே ஒலிக்கும் இவ்வூரின் கொழுந்து மலைகளைத் தாண்டியவுடன் காடு தொடங்கிவிடுகிறது. மூன்று வாயில்களிலும் கடினமானது இதுவே. முழுநாளும், வழியறிந்த ஊரவர் ஒருவரின் துணையும் இதற்கு இன்றியமையாதவை.

இவ்வழிகள் பொழுதுபோக்குக்காக வெட்டப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பிழைப்பின் சுவடு. மீமுரேக்கு அணித்தான காட்டில் நைற்றர் குகை என்னும் வெளவாற் குகை உண்டு. பிரித்தானியப் படையின் மருத்துவராக இலங்கையில் இருந்த ஜோன் டேவி, 1821இல் வெளியான தமது நூலில் இக்குகையை விரித்துரைத்தார். குகையின் மண்ணைச் சுரண்டி, மரச்சாம்பலோடு கலந்து, நீரில் வடித்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தனர். அது துப்பாக்கி மருந்துக்குப் பயன்பட்டது. பின்னர் கோப்பித் தோட்டங்கள் சரிவுகளில் ஏறின. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. இத்தோட்டங்களைத் திறந்த தொழிலாளர், தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடே மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள். வாந்திபேதியாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். மாத்தளையில் நின்று அம்மலைத்தொடரை முதன்முதலிற் கண்ட தமிழருக்கு அது காட்சிப் பொருளாக இருந்திராது. இன்னும் ஏறவேண்டிய ஏற்றமாகவே இருந்திருக்கும். இன்று தோட்டத்திலிருந்து காட்டுக்குள் செல்லும் ஒவ்வொரு குறுக்குப் பாதையையும் முதலில் மிதித்த கால்கள் யாருடையவை என்பதை, சப்பாத்து அணிந்து செல்லும் நாம் ஒரு கணமாவது நினைக்கவேண்டும்.

வழி இதுவென அறிந்தபின், எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிப்பது எவ்வாறு? ஸ்கொத்லாந்து மலைகளில் நடந்த வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் 1892இல் ஓர் எளிய கணக்கைக் கூறினார். ஐந்து கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு மணி. அதன்மேல், ஏறும் ஒவ்வொரு 600 மீற்றர் உயரத்துக்கும் மேலும் ஒரு மணி. பத்துக் கிலோமீற்றர் தூரமும் 600 மீற்றர் ஏற்றமும் உள்ள வழிக்கு இக்கணக்கின்படி மூன்று மணி ஆகும். ஆனால் வேரும் சேறும் அட்டையும் நிறைந்த நமது ஈரக்காட்டில் அதனுடன் பாதியைக் கூட்டி, நாலரை மணி என்று கொள்வதே தக்கது. அதே வழியால் திரும்புவதானால் இறக்கத்துக்கும் அதில் முக்காற்பங்கையாவது ஒதுக்கவேண்டும். ஆக எட்டு மணி நேரம் போய்விடும்.

நமது நாடு பூமத்தியரேகைக்கு அண்மையில் இருப்பதால் அந்தி மிகக் குறுகியது. மாலை ஆறு மணியளவிற் சூரியன் மறைந்தால் அரைமணிக்குள் இருள் கவிந்துவிடும். மரக்கவிகையின் கீழோ ஐந்தரைக்கே வழி தெரியாது. ஆகவே காலை ஆறரைக்குப் புறப்படுக. எட்டு மணி நேர நடையானால், நண்பகல் பன்னிரண்டுக்கு எங்கே நின்றாலும், சிகரம் கண்முன்னே தெரிந்தாலும், திரும்புக. சிகரம் நாளையும் அங்கேயே இருக்கும்.

இப்பொழுது மூடுபனிக்கு வருவோம். மலையில் மூடுபனி என்பது கீழிறங்கிய முகில். அல்லது முகிலுக்குள் ஏறிவிட்ட நாம். காலையில் துலக்கமாக இருந்த முகடு முற்பகலில் மறைவது, சரிவுகள் வெயிலாற் சூடேற, ஈரக்காற்று மேலெழுந்து குளிர்வதனாலாகும். அப்போது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. இத்தருணத்தில் மக்கள் செய்யும் பெருந்தவறு ஒன்று உண்டு. 'நீரோடையைப் பின்பற்றி இறங்கினால் ஊர் வந்துவிடும்' என்பது பரவலான நம்பிக்கை. சமவெளியில் அது மெய்யாகலாம். தும்பறையிலோ ஓடைகள் ஊரை அடையுமுன் பாறை விளிம்பிலிருந்து அருவியாக விழுகின்றன. ஓடைவழியே இறங்கியவன் பாசி படர்ந்த தட்டில் நிற்பான். கீழே போக வழியிராது. வந்த வழி ஏறவும் இயலாது. எனவே வழி தவறியதாக ஐயம் எழுந்தவுடன் நின்றுவிடுக. உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்கு, சென்ற அடிச்சுவட்டிலேயே திரும்புக. அதுவும் இயலாதாயின், ஒன்றாகச் சேர்ந்து ஓரிடத்தில் அமர்ந்து பனி விலகக் காத்திருங்கள். நடந்துகொண்டே இருப்பவனைத் தேடிக் கண்டுபிடிப்பதிலும் இருக்கின்றவனைக் கண்டுபிடிப்பது எளிது.

போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் அடிவாரத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டே ஏறுதல் வேண்டும். பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் நுழைய வனத் திணைக்களத்தின் அனுமதி தேவை. அனுமதி பெறும் இடத்தில் உங்கள் பெயர் எழுதப்படுவது வெறும் சடங்கன்று. நீங்கள் திரும்பவில்லை என்பதை அறிய அதுவே வழி. அத்தோடு, பெருமழைக்குப் பின் மலைவழிகள் பழைய வழிகளாக இருப்பதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த மழையால் மலைநாட்டின் பல பகுதிகளில் மண் சரிந்து, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். ஆகையால் ஒரு வழியைப் பற்றி முன்பு கேட்டதையோ படித்ததையோ நம்பிப் புறப்படாமல், அன்றைய நிலையை ஊராரிடம் விசாரித்தறிவது கட்டாயம். நான் இங்கே கூறியவற்றுக்கும் இது பொருந்தும்.

இறுதியாக, மலைக்கு நம்மால் நேரும் ஆபத்தையும் சொல்லவேண்டும். 1873இலேயே தாவரவியல் அறிஞர் ஹூக்கர், இத்தீவில் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாமல் விடவேண்டும் என்று ஆலோசனை கூறினார். நீரைக் காப்பது மலைமேற் காடு என்பது அவர் கருத்து. எனினும் பிற்காலத்தில் தும்பறைக் காட்டின் நிழலில் ஏலம் பரவலாகப் பயிரிடப்பட்டது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். ஆதலால் பெருமரங்கள் நின்றன. ஆனால் அடியில் வளர்ந்த இளமரங்களும் செடிகொடிகளும் அகற்றப்பட்டன. ஏலக்காயை உலர்த்த விறகும் அங்கேயே வெட்டப்பட்டது. தூரத்திற் பார்ப்பவனுக்குக் காடு பச்சையாகவே தெரிந்தது. உள்ளே நின்றவை முதிய மரங்கள் மட்டுமே. அவை விழும்போது இடத்தை நிரப்பக் கன்றுகள் இல்லை. 2000ஆம் ஆண்டில் இது பேணற் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. கைவிடப்பட்ட ஏலத் தோட்டங்களில் காடு மெல்ல மெல்ல மீள்கிறது. பாதையை விட்டு விலகி நாம் மிதிக்கும் ஒவ்வோர் அடியும் அத்தகைய கன்றின்மேல் விழக்கூடும்.

இந்தக் காட்டின் ஈரத்தை நம்பி, மூக்கின் நுனியில் இலை போன்ற தசையை உடைய ஓணான் ஒன்று வாழ்கிறது. அது இம்மலைத்தொடருக்கே உரியது. அதே ஈரத்தை நம்பியே நாமும் வாழ்கிறோம். ஹுலு கங்கை, ஹீன் கங்கை, களு கங்கை, தெல்கமு ஓயா ஆகியன இங்கே பிறந்து, நேராகவோ அம்பன் கங்கை வழியாகவோ மகாவலியைச் சேர்கின்றன. விக்ரோறியா நீர்த்தேக்கத்துக்கும், வறண்ட வலயத்து வயல்களுக்கும் செல்லும் நீரில் ஒரு பங்கு இம்மூடுபனியிலிருந்து சொட்டியதேயாம். பத்தனைப் புல்லில் எறியும் ஒரு தீக்குச்சி, ஓடைக்கரையில் விட்டுவரும் ஒரு பிளாஸ்ரிக் போத்தல், தொலைவில் உள்ள ஓர் உழவனின் வாய்க்காலையும் தொடும்.

சோளகமும் மாரியும் ஓய்ந்திருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்கள் இம்மலையில் நடக்க ஏற்றவை. போய்வாருங்கள். சிறிய மலையென்று எண்ணி விரையாதீர்கள். சிகரத்தைத் தொட்டவனை விட, முகில் இறங்குவதைக் கண்டு பாதிவழியில் திரும்பியவன் மலையை நன்றாக அறிந்தவன். அவன் மீண்டும் ஒருமுறை வருவான். அன்று எதிரே வரும் புதியவனுக்கு, எங்கே வழுக்கும் என்று மலைபடுகடாத்துக் கூத்தனைப் போல நின்று சொல்லவும் செய்வான்.